டிராம் கண்டக்டர் கட்டிய அறுப்புப் பாட்டு

யேசுவடியானுக்குப் பாட வராது. அதை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். பினாங்குத் தமிழ்ச் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வந்தால் ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி உட்காருவார். முன்னால் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சுருதி போய்விடும் என்று பயம். டிராம் வண்டியில் ஒவ்வொரு நிறுத்தத்தின் பேரையும் கத்திக் கத்தித்தான் தொண்டை இப்படி ஆயிற்று என்பது அவர் கட்சி. கல்யாணமான அன்றைக்கே அப்படித்தான் இருந்தது என்பது அவர் மனைவி ஞானப்பூவின் கட்சி.

திருநெல்வேலிச் சீமையில் சாயர்புரத்துக்குப் பக்கம் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் கப்பல் ஏறி, பினாங்குத் தீவுக்கு எதிரே அக்கரையில் ஒரு கரும்புத் தோட்டத்தில் பெயர் எழுதும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தார். தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தபோது, தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் நாலு வார்த்தை தெரியும், மலாய் சமாளிப்பார் என்று கண்டக்டர் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, கையில் டிக்கெட் கட்டு. ஜெட்டி என்கிற படகுத்துறையில் இருந்து மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் வரை போவதும் வருவதுமாக அவர் நாள் ஓடும். சுங்கை பினாங்கில் ஒரு வரிசை வீட்டில் குடித்தனம். கூட வேலை பார்த்த ஒரு முஸ்லிம் கண்டக்டரோடு அவருக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. வெள்ளிக்கிழமை அவருடைய முறையை இவர் பார்த்துக்கொள்வார். ஞாயிறு காலை இவருடைய முறையை அவர் பார்த்துக்கொள்வார். பத்து வருஷத்துக்கு மேல் இருவரும் ஒரு தடவைகூட வார்த்தை தவறவில்லை.

பாட வராதே தவிர, பாட்டு என்றால் அவருக்கு உயிர். சின்ன வயதில் இருந்தே எதுகை மோனை அவர் காதில் தானாக வந்து விழும். மனதில் ஓர் ஆசையும் இருந்தது. தான் கட்டிய கீர்த்தனை ஒன்றைச் சபையார் எல்லோரும் எழுந்து நின்று பாட வேண்டும், அதை ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

1911இல் மலேரியாக் காய்ச்சல் வந்து எட்டு வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அதுதான் சமயம் என்று ஒரு பழைய நிகண்டைக் கடன் வாங்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு பாட்டு எழுதினார். நிராமய, நிரந்தர, நிஷ்கள, நிருபம என்று கர்த்தருக்கு ஐம்பத்திரண்டு அடைமொழிகள். ஒரே வார்த்தை இரண்டு தடவை வராமல் பார்த்துக்கொண்டார். கொய்னா மருந்தின் கசப்பைவிட எதுகை தேடுவது கடுமையாக இருந்தது என்று பிற்பாடு சொல்வார்.

சபைப் போதகர் மாசிலாமணி ஐயர் நல்ல மனுஷன். படித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப உழைச்சிருக்கீங்க. பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் பாடுவோம்" என்றார்.

பாட்டை நடத்தியவர் பாக்கியநாதன். ஒரு கப்பல் ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, சபைக் கமிட்டிக்குச் செக்ரட்டரி, கணீர் என்ற குரல், இலக்கணத்தில் புலி. அவர் மட்டும் பாடினார். மற்றவர்கள் முதல் வரியில் கூடச் சேர்ந்தார்கள், இரண்டாம் வரியில் முனகினார்கள், மூன்றாம் வரியில் ஆர்மோனியத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவர்கள், வெளுக்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள்தான் அந்தச் சபையில் பாதிக்கு மேல். கைப்பிரதி கொடுத்தாலும் அதில் தலைகீழ் எது, நேர் எது என்று கேட்பவர்கள் பலர். பாட்டு முடிந்ததும் ஒரு பெரியவர் "ஆமென்" என்றார். முடிந்ததே என்ற நிம்மதி அந்த ஆமெனில் நன்றாகத் தெரிந்தது.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். டத்தோ கிராமாட் ரோட்டைத் தாண்டிய பிறகு ஞானப்பூதான் பேச்செடுத்தாள்.

"பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. மூச்சு விடத்தான் இடம் இல்ல."

"ஐம்பத்திரண்டு பேரும் அவருக்குப் பொருத்தமான பேருதானே?"

"அவருக்குப் பொருத்தம்தாங்க. என் வாய்க்குப் பொருந்தலையே. நிஷ்களன்னா என்ன?"

யேசுவடியான் யோசித்தார். நிகண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டபடியால் சட்டென்று சொல்ல வரவில்லை. இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குக் கோழிக்கறி வைத்திருந்தாள். அவர் நன்றாகவே சாப்பிட்டார்.

அடுத்த அக்டோபரில் அறுப்பின் பண்டிகை வந்தது. வழக்கம்போல ஊரில் இருந்து வந்த பாட்டைத்தான் பாடினார்கள். வறண்ட குளம், வெடித்த வயல், வானத்தைப் பார்த்து ஏங்கும் பயிர், மழையைத் தாரும் சுவாமி என்று நெஞ்சை உருக்கும் பாட்டு. வெளியே மூன்று நாளாகப் பெய்கிற மழை. கோயில் கூரையில் அது கொட்டுகிற சத்தத்தில் பாக்கியநாதனின் குரலே பாதிதான் கேட்டது. "மழையைத் தாரும்" என்று எல்லோரும் மூன்றாம் தடவை உருகியபோது பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஞானப்பூ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் கொண்டிருந்தாள். பாக்கியநாதன் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன சிரிப்பு அங்க வச்சு?" என்று வீட்டில் யேசுவடியான் கேட்டார்.

"பின்ன என்னங்க? மூணு நாளாச்சு, புள்ளைங்க துணி ஒண்ணும் காயல. அடுப்புக்கு மேல கயிறு கட்டிக் காயப் போட்டு, சட்டை எல்லாம் புகை நாத்தம். அங்க போயி இன்னும் மழை தாங்க சாமின்னு கெஞ்சுறோம். அவரு கேட்டு வச்சாருன்னா என் கதி என்ன? துணி காயக் கால்மணி வெயில் தந்தீரே, ஸ்தோத்திரம்னு ஒரு பாட்டு இருந்தா மனசாரப் பாடுவேன்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். யேசுவடியான் சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பாட்டைக் கட்ட ஏறக்குறைய எட்டு மாதம் ஆயிற்று. இந்தத் தடவை நிகண்டு இல்லை. காகிதமும் இல்லை. டிக்கெட் கட்டில் ஒரு கோடு கிழித்தாலும் இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்பார். ஆகவே வண்டியில் நின்றபடி மனதுக்குள்ளேயே கட்ட வேண்டியிருந்தது. ஒரு நிறுத்தத்தில் மணியை இழுத்துவிட்டு ஒரு வரியைத் தொடங்குவார். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அது முடிந்தாக வேண்டும். இடையில் நாலு பேர் டிக்கெட் கேட்பார்கள், ஒரு சீனக் கிழவர் வாத்துக் கூடையோடு ஏறுவார், யாராவது படியில் தொங்குவார்கள். இத்தனைக்கும் பிறகு வரி மனதில் நின்றால் அது நல்ல வரி. நிற்காவிட்டால் விட்டுவிடுவார். இப்படி நூறு வரி பினாங்கு ரோட்டிலேயே உதிர்ந்து போயிற்று. மிச்சம் இருந்தவை எல்லாம் சின்னச் சின்ன வரிகள், ஒரே மூச்சில் சொல்லக்கூடியவை.

பல்லவி முதலில் வந்தது.

*தந்தீர் ஐயா, தந்தீர் – எங்கள்*
*கை கொள்ளாமல் தந்தீர்.*

இதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பார். டத்தோ கிராமாட்டில் தினமும் காலையில் சலேஹா என்ற மலாய் அம்மாள் ஏறுவாள். கூடை நிறைய வாழையிலையில் சுற்றிய பலகாரம் எடுத்துக்கொண்டு சௌராஸ்தா பாசார் என்ற சந்தைக்குப் போகிறவள். யேசுவடியான் அவளை மலாய் முறைப்படி மக்சி, அத்தை என்று கூப்பிடுவார். பத்து நாள் போயிருக்கும். ஒரு நாள் காலை அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே வேடிக்கை பார்த்தபடி, தன்னை அறியாமல் அந்தப் பல்லவியை முனகிக்கொண்டிருந்தாள். அவர் மெட்டு என்று நினைத்து முணுமுணுத்தது வெறும் இழுப்பு. அவள் வாயில் அது மெட்டாகவே ஆகியிருந்தது. கடைசியில் வரும் "தந்தீரை" அவர் கீழே போட்டு முடிப்பார். அவள் அதை லேசாக மேலே தூக்கி நிறுத்தினாள்.

"மக்சி, அந்தக் கடைசியை இன்னொரு தடவை" என்று மலாயில் கேட்டார்.

"எந்தக் கடைசி? நீ தினமும் காதுக்குள்ளே கொட்டுகிறாயே, அதையா?" என்று சிரித்துவிட்டு இன்னொரு தடவை முனகிக் காட்டினாள். "என்ன அர்த்தம்?"

அவர் சொன்னார். கடவுள் கொடுத்தார், கை நிறைந்து வழிகிற மாதிரி கொடுத்தார் என்று. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "பாகுஸ்லா, நல்ல பாட்டு" என்று சொல்லி இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் ஞானப்பூவிடம் அந்த மெட்டைக் கரகரத்த குரலில் ஒப்பித்தார். ஒரு மாதிரி ஊகித்து அவள் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். தையல் மிஷினைச் சுற்றிக்கொண்டே இரண்டு தடவை பாடினாள். மூன்றாம் தடவை பிள்ளைகள் கூடப் பாடினார்கள். யேசுவடியான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். கண் கலங்கியதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று.

முதல் சரணத்தில் ஞானப்பூவின் துணி வந்துவிட்டது.

*கேளாமல் மழை தந்தீர் – அதில்*
*கிணறெல்லாம் நிறையத் தந்தீர்*
*காயப் போட்ட துணி உலர – ஒரு*
*கால்மணி வெயில் தந்தீர்.*

இரண்டாம் சரணம்தான் வம்பை இழுத்து வந்தது. ஜூன் மாதம், ஆயர் ஈத்தாம் போகும் வழியெல்லாம் பழங்கள் குவிந்து கிடக்கும் காலம். வண்டிக்குள்ளே யாரும் முள்தோலும் நாற்றமுமான டுரியான் பழத்தைக் கொண்டுவரக் கூடாது என்று தினமும் பத்துப் பேரிடம் சண்டை போட வேண்டிய வேலை அவருக்கு. அந்தச் சண்டைக்கு நடுவிலேயே வரி வந்து விழுந்தது.

*டுரியான் முள்ளின் உள்ளே – நீர்*
*தேனைப் பொதிந்து வைத்தீர்.*

கமிட்டி கூடியது, யேசுவடியானையும் அழைத்திருந்தார்கள். மாசிலாமணி ஐயர் பாட்டை வாசித்தார். துணி காயும் வரிக்கே பாக்கியநாதன் நெற்றியைச் சுருக்கினார். டுரியான் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயர் மன்னிக்கணும். துணியையாவது சகிச்சுக்கலாம். டுரியான் மலாய்ச் சொல்லு. அதோட அந்த நாத்தம் பிடிச்ச பழத்தைத் தேவ சந்நிதியில எப்படி ஐயா பாடுறது? நாளைக்கு ஒருத்தர் பெலாச்சானப் பத்திப் பாட்டுக் கட்டிட்டு வருவாரு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கருவாட்டுக்கு அண்ணனான அந்த இறால் விழுதைப் பற்றி யேசுவடியானும் ஒரு கணம் யோசித்துப் பார்த்துவிட்டார், வரி ஒன்றும் வரவில்லை.

அவருக்கு ஒரு விஷயம் தெரியும். கண்டக்டர் வேலையில் ஊரே கண்ணில் படும். போன வாரம் சாயங்காலம், டத்தோ கிராமாட்டுப் பழக்கடைக்குப் பின்னால் கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, குந்தி உட்கார்ந்து, டுரியான் தின்று விரலைக்கூட விடாமல் சப்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய கிராணியை அவர் வண்டியில் இருந்து பார்த்தார். அந்தப் பெரிய கிராணியும் அவரைப் பார்த்தார். இப்போது பாக்கியநாதனின் பார்வை அவர் முகத்தில் ஒரு நொடி நின்று, சட்டென்று வேறு பக்கம் போயிற்று. யேசுவடியான் வாயைத் திறக்கவில்லை.

ஐயர்தான் பேசினார். "முள்ளுக்குள்ள தேன்ங்கிறது நல்ல எண்ணம். முள்முடியையும் நினைக்க வைக்குது. அந்தப் பேரை மட்டும் மாத்திட்டா என்ன?"

யேசுவடியான் சற்று நேரம் உதட்டை அசைத்துப் பார்த்தார். அவருக்குப் பழக்கமான வேலைதான். இரண்டு நிறுத்தத்துக்கு இடையே ஆகிற நேரம்தான் எடுத்துக்கொண்டார்.

"'கூரிய முள்ளின் உள்ளே'ன்னு வச்சுக்கலாமா?"

"சபாஷ்" என்றார் பாக்கியநாதன். அந்த மூன்று எழுத்து அவரைக் காப்பாற்றிய மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதோடு, பாட்டைத் தானே நடத்துவதாகவும் சொன்னார்.

அந்த அக்டோபர் பண்டிகையில் அறுப்புப் பாட்டு முதல் தடவை பாடப்பட்டது. வியாழக்கிழமைகளில் ஞானப்பூ பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். கைப்பிரதி ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. பல்லவியைப் பாக்கியநாதன் ஒரு தடவை பாடினார், இரண்டாம் தடவை சபை பாடியது. சபை என்றால் முழுச் சபை. மூட்டை தூக்குகிறவர்களின் குரல் பின்பக்கம் இருந்து இடி மாதிரி வந்தது. துணி உலரும் வரிக்கு வெளுக்கிற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினார்கள். இரண்டாம் சரணத்தில் பாதிப் பேர் "கூரிய" என்றார்கள், பாதிப் பேர் "டுரியான்" என்றார்கள். யார் எதைப் பாடுகிறார்கள் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாக்கியநாதன் எந்தப் பக்கம் என்று யேசுவடியான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் அன்றைக்குப் பாடவே இல்லை. கடைசி பெஞ்சில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு வருஷத்துக்கு ஒன்றாகப் பாட்டுக் கட்டினார். ஞானஸ்நானத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, கப்பலில் ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்ப ஒன்று. சில நின்றன, சில நிற்கவில்லை. நிற்காதவற்றைப் பற்றி அவர் வருத்தப்பட்டதும் இல்லை.

1926இல் ஞானப்பூவின் அண்ணன் மகள் கல்யாணமாகி ஊரில் இருந்து வந்து, அக்கரையில் புக்கிட் தெங்காவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தாள். புருஷன் அங்கே கிராணி. முதல் பிள்ளை பிறந்திருக்கிறது என்று பார்க்கப் போனார்கள். அவர்கள் போன ஞாயிறு அந்தத் தோட்டத்துச் சபைக்கு அறுப்பின் பண்டிகையாக அமைந்துவிட்டது. அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகைதான் கோயில். ஆர்மோனியம் கிடையாது. ஒரு தகர டின்னைத் தட்டித் தாளம். முன்னால் நின்று பாட்டு எடுத்தவள் நவமணி என்கிற பால்வெட்டுக்காரி, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். முப்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான பெண். அவள் குரலுக்கு டின்கூட அதிகம்.

"தந்தீர் ஐயா, தந்தீர்" என்று அவள் எடுத்ததும் ஞானப்பூ திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் முகம் சிவந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் தன் வழக்கத்தை மறந்து அவரும் வாய்விட்டுப் பாடினார். துணிச் சரணம் சரியாக வந்தது. இரண்டாம் சரணத்தில் கொட்டகை முழுக்க ஒன்று பாட, அவர் ஒருவர் மட்டும் வேறொன்று பாடினார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆராதனை முடிந்து தேத்தண்ணி கொடுக்கும்போது நவமணி நேரே அவரிடம் வந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. டவுன்ல இருந்து வந்திருக்கீங்க போல. அந்த ரெண்டாவது சரணத்தத் தப்பாப் பாடுறீங்கண்ணே."

"அப்படியா? எப்படித் தப்பு?"

"நீங்க முள்ளு கிள்ளுன்னு ஏதோ பாடுறீங்க. அது அப்படி இல்ல. கேளுங்க."

டின்னை எடுத்து மெதுவாகத் தட்டி, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பாடிக் காட்டினாள்.

*பட்டை வெட்டின் உள்ளே – நீர்*
*பாலைச் சுரக்க வைத்தீர்*
*விடிகாலை மழையை மட்டும் – அந்த*
*மலைமேல் நிறுத்தி வைத்தீர்.*

"விடியக்காலம் மழை பெஞ்சா மரத்துல கத்தி வைக்க முடியாதுல்ல, அன்னிக்கு வேலையே இல்ல. அதுக்குத்தான் அந்த வரி" என்று விளக்கமும் சொன்னாள்.

யேசுவடியான் அந்தக் கடைசி வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மலைமேல் மழையை நிறுத்தி வைத்தீர். பினாங்கு மலைமேல் மழை நிற்பதை டிராமில் இருந்து இருபது வருஷமாகத் தினமும் பார்க்கிறவர் அவர். அது அவருக்குத் தோன்றவே இல்லையே.

"இந்தப் பாட்டு யாரு கட்டினது, தெரியுமா தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஊர்ல ஒரு பெரிய ஐயர் கட்டினதாம். செத்துப்போயி ரொம்ப வருஷம் ஆச்சுன்னு சொல்வாங்க."

ஞானப்பூ கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தாள். யேசுவடியான் அவள் கையை லேசாக அழுத்தினார். பிறகு நவமணியிடம், "எனக்கு இத முழுசாச் சொல்லிக் கொடு தங்கச்சி. நான் மறதிக்காரன், ரெண்டு மூணு தடவை பாடணும்" என்றார்.

அவள் சலிக்காமல் பாடினாள். அவரும் அவள் பின்னாலேயே பாடினார். கடைசியில் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "உங்களுக்குச் சுருதி சேரலண்ணே. ஆனா வார்த்தைய நல்லாப் புடிச்சுக்கிறீங்க."

"அது போதும்மா" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் கூடச் சிரித்தாள்.

திரும்பும்போது ஃபெரிப் படகில் ஞானப்பூ பொருமித் தீர்த்தாள். "உசுரோட நிக்கிற மனுஷனைச் செத்துட்டாருன்னு சொல்றா, கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க. நான்தான் கட்டினேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"சொன்னா, ஐயோ தப்பாப் பாடிட்டோமேன்னு பட்டைய எடுத்துட்டு முள்ளப் போட்டுக்குவாங்க ஞானப்பூ. அது எவ்வளவு நல்ல வரி, பாத்தியா?"

அவள் மெதுவாக அந்தப் புதுச் சரணத்தைப் பாட ஆரம்பித்தாள். ஜெட்டி வருவதற்குள் அவளுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த வாரமே யேசுவடியான் மாசிலாமணி ஐயரிடம் போய், பாட்டுக்கு இன்னொரு சரணம் கிடைத்திருக்கிறது என்றார். கமிட்டியில் பாக்கியநாதன் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை படித்தார். அவருக்குத் தலை நரைத்திருந்தது, இலக்கணம் நரைக்கவில்லை.

"பிழை ஒண்ணும் இல்ல. நல்லா வந்திருக்கு. நீங்க கட்டினதா?"

"இல்லங்க. அக்கரையில நவமணின்னு ஒரு பால்வெட்டுற அம்மா பாடினாங்க. அவங்க தோட்டத்து ஆளுங்க சேர்த்துக் கட்டினது."

கமிட்டி நோட்டில் பாக்கியநாதன் அப்படியே எழுதிக்கொண்டார், பேரோடு.

வியாழக்கிழமை பெண்கள் பயிற்சிக்குக் கூடினார்கள். ஞானப்பூ சரணத்தைப் பாடிக் காட்டியதும், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் கையைத் தூக்கினாள். டவுனை விட்டு வெளியே போகாதவள்.

"பட்டைன்னா என்ன அக்கா, கறிக்குப் போடுறோமே, அந்தப் பட்டையா?"

ஞானப்பூ பக்கத்துத் தூணை ரப்பர் மரமாக வைத்துக்கொண்டு, கத்தியை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, பால் எப்படிக் கோட்டில் வழிந்து கோப்பையில் விழும் என்று தனக்குத் தெரிந்த அளவில் நடித்துக் காட்டினாள். பெண்கள் எல்லோரும் தூணைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அப்புறம் முதலில் இருந்து பாடினார்கள்.